வாயில் வைத்த கற்கண்டு

வந்தவர்களே, இடம் பார்த்து உட்காருங்கள். பெரியவர்கள் முன்னால் வாருங்கள். இந்தக் கதை முதலில் உங்களுக்குத்தான். பிள்ளைகள் பின்னால் இருந்தாலும் காதில் விழும். இது இனிப்பைப் பற்றிய கதை. ஆனால் இனிக்காது.

அரசர் தூரத்திலும் கடல் பக்கத்திலும் இருந்த காலம் அது. அந்தக் காலத்தில் சங்குத்துறை என்றொரு பட்டினம் இருந்தது. கப்பல் வணிகம் செய்யும் முஸ்லிம்கள் அங்கே வாழ்ந்தார்கள். ஐந்து வேளை தொழுதார்கள். ஏழைக்குக் கொடுத்தார்கள். எடையில் ஏமாற்ற மாட்டார்கள். மிளகு வாங்கினால் மூட்டையைக் குத்திப் பார்த்து வாங்குவார்கள். குதிரை வாங்கினால் வாயைத் திறந்து பல்லைப் பார்த்து வாங்குவார்கள். மகளைக் கட்டிக் கொடுக்கும்போது மட்டும் அவள் வாயை அடைத்துவிட்டுக் கொடுப்பார்கள்.

எப்படி அடைப்பார்கள் என்று கேட்கிறீர்களா? இனிப்பால் அடைப்பார்கள்.

நிக்காஹ் நாளன்று மணப்பெண்ணை உள்கூடத்தில் முக்காடிட்டு உட்கார வைப்பார்கள். மாப்பிள்ளையும், நிக்காஹ் செய்து வைக்கும் காஜியாரும், ஊராரும் வெளியே பந்தலில் இருப்பார்கள். பெண்ணின் சம்மதத்தைக் கேட்டு வர இரண்டு சாட்சிகள் உள்ளே போவார்கள். அவர்கள் வாசல்படியை மிதிப்பதற்குச் சற்று முன்பு, ஒரு கற்கண்டுக் கட்டியை எடுத்துப் பெண்ணின் வாயில் வைப்பார்கள். சாட்சிகள் வாசல் திரைக்கு இந்தப் பக்கம் நின்று மூன்று தரம் கேட்பார்கள். மூன்று தரமும் பெண் பேச மாட்டாள். எப்படிப் பேசுவாள்? உடனே கூடத்துப் பெண்கள் குலவையிடுவார்கள். சாட்சிகள் பந்தலுக்குத் திரும்பி, "மௌனமா இருக்கு புள்ள. மௌனம் சம்மதம்" என்பார்கள். நிக்காஹ் முடிந்துவிடும்.

மார்க்கம், பெண்ணைக் கேள் என்றது. வெட்கத்தால் வாய் திறக்காத கன்னியின் மௌனத்தையும் ஏற்றுக்கொள் என்று இரக்கம் காட்டியது. சங்குத்துறைக்காரர்கள் அந்த இரக்கத்தை எடுத்துப் பூட்டாக அடித்தார்கள்.

ஏன் இந்தக் கற்கண்டு என்று கேட்டால் மூன்று பதில் வைத்திருந்தார்கள். ஒன்று, மங்கலம். இரண்டு, நாணம். மூன்று, முன்னோர் வழக்கம். மூன்றும் பொய். எப்போதோ ஒரு மணப்பெண் சாட்சிகளிடம் "எனக்கு வேண்டாம்" என்று சொல்லிவிட்டாள். வந்த விருந்தாளிகள் சோறு தின்னாமல் திரும்பிப் போனார்கள். அந்த அவமானம் இனி வரக்கூடாது என்றுதான் அடுத்த கல்யாணத்தில் கற்கண்டு வந்தது. முதலில் அது சுண்டைக்காய் அளவு இருந்தது. பிறகு நெல்லிக்காய் அளவானது. நான் சொல்லும் காலத்தில் எலுமிச்சம்பழம் அளவு.

துப்பிவிடலாமே என்பீர்கள். அதற்கும் ஊர் மூன்று பூட்டு வைத்திருந்தது. துப்பினால் வாப்பாவின் கப்பல் மூழ்கும். துப்பினால் கூடப்பிறந்தவனுக்கு ஆயுசு குறையும். துப்பினால் பிள்ளை பெற வயிறு திறக்காது. எந்தப் பெண் துப்புவாள்?

இந்த ஊருக்கு இல்யாசு என்ற புதிய காஜியார் வந்தார். உள்நாட்டுக்காரர். மெலிந்த மனிதர், சட்டம் தெரிந்தவர், சத்தமாகப் பேசத் தெரியாதவர். பெண்கள் கூடத்துக்குள் ஆண்கள் போவதில்லை. அதனால் உள்ளே என்ன நடக்கிறது என்று அவருக்குத் தெரியாது. சாட்சிகள் வந்து "மௌனம்" என்பார்கள். அவர் நிக்காஹ் செய்து வைப்பார். அப்படித்தான் ரஹ்மா என்ற பெண்ணை அபுசாலிக்கு நிக்காஹ் செய்து வைத்தார்.

அபுசாலி மூன்று கப்பலுக்குச் சொந்தக்காரன். நல்ல உயரம், நல்ல உடுப்பு. வீட்டுக்கு வெளியே எல்லோரிடமும் சிரித்துப் பேசுவான்.

மறுவருடம் ரஹ்மா தாய்வீட்டுக்கு வந்தாள். வலது கை மணிக்கட்டு உடைந்து, கோணலாகக் கூடியிருந்தது. பின்னாலேயே அபுசாலி வந்தான். வாசலில் நின்று, தலாக் என்ற சொல்லை மூன்று தரம் தெருவே கேட்கச் சொன்னான். போய்விட்டான். சேர்வதற்கு அவள் வாயை அடைத்தார்கள். பிரிவதற்கு அவன் வாயில் ஒன்றுமே இல்லை. கவனித்தீர்களா?

நியாயம் கேட்டு ரஹ்மாவின் தாய் அவளைக் காஜியாரிடம் அழைத்துப் போனாள். திரைக்கு அந்தப் பக்கம் ரஹ்மா உட்கார்ந்தாள்.

காஜியார் கேட்டார்: "ஏம்மா, நீ சம்மதிச்சுத்தானே இந்த நிக்காஹ் நடந்துச்சு?"

"யாரு சம்மதிச்சா?"

"மூணு தரம் கேட்டோம், மௌனமா இருந்துச்சுன்னு சாட்சிங்க வந்து சொன்னாங்களே."

"வாயில எலுமிச்சம்பழம் அளவு கற்கண்டு இருந்துச்சு ஹஸ்ரத். நீங்களா இருந்தா அப்ப பாட்டா பாடியிருப்பீங்க?"

காஜியாருக்குப் புரியவில்லை. ரஹ்மாவின் தாய் விளக்கிச் சொன்னாள். சொல்லிவிட்டு, "ஊரு வழக்கம்தானே ஹஸ்ரத், என் கல்யாணத்துலயும் வச்சாங்க" என்று சேர்த்துக்கொண்டாள். காஜியார் தன் நிக்காஹ் பதிவேட்டை எடுத்துப் புரட்டினார். தான் செய்து வைத்த நிக்காஹ்களை எல்லாம் ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தார் போலும்.

அவர் ஊர் ஜமாஅத்தின் தலைவர் காசிம் லெப்பையிடம் போய், இந்த வழக்கத்தை நிறுத்தச் சொன்னார். லெப்பை சிரித்தார்.

"என்ன ஹஸ்ரத், ஒரு கற்கண்டுக்கா இவ்வளவு? பச்சைப்புள்ளகூடச் சப்பும்."

காஜியார் வெள்ளிக்கிழமை பள்ளிவாசலில் அதைப் பற்றிப் பேசினார். எல்லோரும் தலையாட்டினார்கள். அடுத்த வெள்ளியும் பேசினார். தலையாட்டினார்கள். மூன்றாம் வெள்ளி பேசியபோது லெப்பை எழுந்து வந்து காதோடு சொன்னார்: "உங்களுக்குச் சோறு போடுறது இந்த ஊரு. வாயைப் பத்தி ரொம்பப் பேசாதீங்க."

இது இப்படியிருக்க, ரஹ்மாவின் கை கூடி ஆறு மாதம்கூட ஆகவில்லை. அபுசாலிக்கு மறுபடி பெண் பார்த்தார்கள். பெண்ணுக்குப் பெயர் சுலைகா நாச்சி. உதுமான் மரைக்காயரின் ஒரே மகள். ஜமாஅத் தலைவர் காசிம் லெப்பை அவளுக்குத் தாய்மாமன். மரைக்காயருக்குச் சரக்கு இருந்தது, அதை ஏற்றக் கப்பல் போதவில்லை. அபுசாலிக்குக் கப்பல் இருந்தது, சரக்கு போதவில்லை. இரண்டு பேரும் ஒரு வெற்றிலைத் தட்டுக்கு எதிரெதிரே உட்கார்ந்தார்கள். எழுந்தபோது சுலைகாவின் கல்யாணம் முடிவாகியிருந்தது.

ஊரில் ஒருவர்கூட "அந்தக் கை என்ன ஆச்சு?" என்று கேட்கவில்லை. ஊர் என்றால் யார்? பள்ளியில் முதல் வரிசையில் நிற்கிறவர்கள். அவர்கள் கேட்கவில்லை.

ரஹ்மாவின் வீடு சுலைகா வீட்டுக்குப் பக்கத்து வீடு. அவள் இடது கையால் சோறு பிசைந்து ஊட்டிக்கொள்வதைச் சுலைகா தினமும் பார்த்தாள். அதனால் அவள் வாப்பாவிடம் போனாள்.

"வாப்பா, எனக்கு இந்த மாப்பிள்ளை வேணாம்."

மரைக்காயர் நிமிரவில்லை. "மூணு கப்பல் வச்சிருக்காரு புள்ள."

"கப்பலையா நான் கட்டிக்கப் போறேன்?"

"வாய் நீளுது உனக்கு. உள்ள போ."

அவள் உள்ளே போனாள். உம்மாவிடம் சொன்னாள்.

"உம்மா, எனக்கு வேணாம்."

"ஆம்பளைன்னா கை கொஞ்சம் முன்னப்பின்ன நீளத்தான் செய்யும். பொறுத்துப் போனா எல்லாம் சரியாயிடும்."

"ரஹ்மாவுக்குக் கை எப்படி ஒடஞ்சுச்சு உம்மா?"

"வழுக்கி விழுந்துட்டாளாம்."

"எங்க விழுந்தா?"

"அவங்க வீட்டுலதான்."

"அந்த வீட்டுக்குத்தானே என்னையும் அனுப்புறீங்க."

உம்மா எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள். அங்கே அழுதிருக்கலாம். அழுதால் என்ன பயன்? மகளுக்குத் தேவைப்பட்டது உம்மாவின் ஒரு சொல். கண்ணீர் எல்லா அடுப்படியிலும் கிடைக்கும்.

மூன்றாவதாகச் சுலைகா மாமா காசிம் லெப்பையிடம் சொன்னாள். அவர்தான் சாட்சிகளில் ஒருவர்.

"மாமா, எனக்கு வேணாம்."

"இதை எங்கிட்ட எதுக்கு இப்ப சொல்றே? நிக்காஹ் அன்னைக்குக் கேக்க வருவோம்ல, அப்ப சொல்லு."

"அப்ப வாயில கற்கண்டு இருக்குமே மாமா."

லெப்பை வயிறு குலுங்கச் சிரித்தார். "அதான் வழக்கம்!" என்றார்.

மகள் வாயாடி என்று மரைக்காயருக்குத் தெரியும். அதனால் மிட்டாய்க்காரரை வரவழைத்து, இதுவரை யார் வாயிலும் வைக்காத பெரிய கட்டியாகச் செய்யச் சொன்னார். நூலில் விளைந்த கண்ணாடிக் கற்கண்டு; ஒன்று உடைந்தால் இன்னொன்று என்று நாலு கட்டி. தட்டில் வைத்து வீட்டு வாசலில் காட்சிக்கு வைத்தார்கள். போகிறவர் வருகிறவர் எல்லாம் பார்த்தார்கள். "மாஷா அல்லாஹ், மகள் மேல என்ன பாசம்!" என்றார்கள். ஆம், அதற்குப் பெயர் பாசம் என்றார்கள். நான் கூட்டியும் சொல்லவில்லை, குறைத்தும் சொல்லவில்லை.

நிக்காஹ் நாள் வந்தது. தெருவை அடைத்துப் பந்தல். அபுசாலி முகம் தெரியாமல் மல்லிகைச் சரம் தொங்க உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் மரைக்காயர். அந்தப் பக்கம் லெப்பை. உள்கூடத்தில் சுலைகா. அவளைச் சுற்றி அத்தைகளும் மாமிகளும். வாழாவெட்டி கல்யாண வீட்டுக்கு வரக்கூடாது என்று ரஹ்மாவுக்கு அழைப்பு இல்லை. ஆனாலும் அவள் பின்வாசல் வழியாக வந்தாள். வந்து சுவரோரம் நின்றாள்.

சாட்சிகள் எழுந்தார்கள். உள்ளே செய்தி போனது. இரண்டு மாமிகள் சுலைகாவின் தாடையைப் பிடித்துத் திறந்தார்கள். கட்டி உள்ளே போனது. கன்னம் இரண்டும் புடைத்தது. கண்ணில் நீர் வழிந்தது.

"நாணம், நாணம்" என்றாள் ஒரு மாமி.

வெளியே காஜியார் கை உயர்த்தினார். "சாட்சிகளே, கொஞ்சம் இருங்க. எனக்கு ஒரு சந்தேகம். லெப்பை அவர்களே, கற்கண்டு வைக்கிறது மங்கலமா?"

"மங்கலம்தான்."

"அதனால பேச்சுக்கு ஏதும் தடை உண்டா?"

"என்ன ஹஸ்ரத் திரும்பத் திரும்ப! பச்சைப்புள்ளகூடச் சப்பும்."

"அப்ப மங்கலம் பொண்ணுக்கு மட்டும் போதுமா? மாப்பிள்ளைக்கு வேணாமா? பொண்ணைக் கொடுக்குற வாப்பாவுக்கு வேணாமா? முன்னால நின்னு நடத்துற தலைவருக்கு வேணாமா?"

பந்தலில் இளவட்டங்கள் சிரித்தார்கள். "ஆமா ஆமா, வைங்க!" என்று ஒரு குரல். மறுத்தால் மங்கலம் இல்லை என்றாகும். மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். மரைக்காயர் வீட்டில் மிட்டாய்க்காரர் செய்து கொடுத்த நாலில் மூன்று கட்டி மீதி இருந்தது. அதே அளவு. தட்டில் வந்தது. மூவரும் வாய் திறந்தார்கள். மூன்று வாயும் அடைந்தது.

காஜியார் முதலில் மரைக்காயர் பக்கம் திரும்பினார். சாட்சி கேட்கும் அதே ராகத்தில் கேட்டார்.

"உதுமான் மரைக்காயரே, நீங்க குடியிருக்கிற இந்த மாடிவீட்டைப் பள்ளிவாசலுக்கு எழுதிக் கொடுக்கச் சம்மதமா?"

மரைக்காயர் கண்ணை உருட்டினார். தொண்டையில் ஏதோ சத்தம் வந்தது. சொல் வரவில்லை.

"சம்மதமா? மூணாந் தரம் கேக்குறேன், சம்மதமா?"

மரைக்காயர் இரண்டு கையையும் ஆட்டினார்.

"கை ஆட்டுறது நாணம்" என்றார் காஜியார். "மௌனம் சம்மதம்." 

பந்தல் கொல்லென்று சிரித்தது.

"காசிம் லெப்பை அவர்களே, ஜமாஅத் தலைமையை இன்னையோட விட்டுக் கொடுக்கச் சம்மதமா? சம்மதமா? சம்மதமா?"

லெப்பை தலையை இடமும் வலமும் ஆட்டினார். தொப்பி நழுவியது. தாடியில் எச்சில் ஒழுகியது.

"தலை ஆட்டுறது வெட்கம். இந்த ஊரு மணப்பொண்ணுங்களும் இப்படித்தான் ஆட்டுறாங்களாம். மௌனம் சம்மதம்."

இப்போது சிரிப்புக் குறைந்தது. பந்தலில் இருந்தவர்களில் பலருக்கு மகள்கள் இருந்தார்கள். எல்லோருக்கும் மனைவி இருந்தாள்.

காஜியார் மூன்றாவதாக மாப்பிள்ளையைப் பார்த்தார். குரலை உயர்த்தவில்லை.

"அபுசாலி, உம்முடைய மூணு கப்பலையும் ரஹ்மாவுக்குக் கொடுக்கச் சம்மதமா? ஒடஞ்ச கைக்கு ஈடா, சம்மதமா? நீர்தான் ஒடச்சீர்னு ஊரறியச் சொல்லிக் கொடுக்க, சம்மதமா?"

அபுசாலி மல்லிகைச் சரத்தைப் பிய்த்து எறிந்தான். கட்டியைத் தரையில் துப்பினான்.

"அநியாயம்! வாயில கல்லைத் திணிச்சு வச்சுட்டுக் கேள்வியா கேக்குறே? இதுக்குப் பேரு சம்மதமா? இது கொள்ளை!"

அவன் சொன்னது பந்தலின் கடைசி மூங்கில்வரை கேட்டது. சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவனுக்கே தெரிந்தது. லெப்பையும் துப்பினார். மரைக்காயரும் துப்பினார். மூன்று கட்டிகள் விரிப்பில் கிடந்தன.

காஜியார் எதுவும் விளக்கவில்லை. விளக்க என்ன இருக்கிறது? அவர் ஒன்று மட்டும் கேட்டார்.

"துப்பினா கப்பல் மூழ்கும்பாங்களே. துறைமுகத்துப் பக்கம் நிக்கிறவங்க யாராச்சும் பாருங்க. அபுசாலியோட கப்பல் என்ன ஆச்சு?"

தெருக்கோடியில் நின்ற, கப்பல் ஓட்டும் ஒரு மீகாமன் கண்ணுக்கு மேல் கை வைத்துப் பார்த்தார்.

"மூணும் நிக்குது ஹஸ்ரத்!" என்று கத்தினார். "மரைக்காயரோட தோணியும் நிக்குது!"

அந்தக் குரல் உள்கூடத்துக்கும் கேட்டது.

சுவரோரம் நின்ற ரஹ்மா நகர்ந்து வந்தாள். மூலையில் வெற்றிலை துப்ப வைத்திருந்த பித்தளைப் படிக்கத்தை எடுத்தாள். வலது கை பிடிக்காது. இடது கையால் எடுத்து, கோணல் மணிக்கட்டை அடியில் கொடுத்துத் தாங்கி, சுலைகாவின் முகவாய்க்கு நேராகப் பிடித்தாள்.

"துப்புடி" என்றாள்.

ஒரு மாமி ரஹ்மாவின் தோளைப் பிடித்து இழுத்தாள். "வாழாவெட்டி, உனக்கு இங்க என்ன வேலை?" என்றாள். ரஹ்மா அசையவில்லை. சுலைகா உம்மாவைப் பார்த்தாள். உம்மா அந்த மாமியின் கையைப் பிடித்துக் கீழே இறக்கினாள். அவ்வளவுதான் செய்தாள். ஆனால் செய்தாள்.

ணங்!

படிக்கத்தில் கட்டி விழுந்த சத்தம் பந்தலுக்குக் கேட்டது. பிறகு ஒரு குரல். கரகரத்த, எச்சில் விழுங்கிய, இளம் குரல். அந்த ஊர்ப் பந்தலில் மணப்பெண்ணின் குரலை அங்கே இருந்தவர் யாரும் அதுவரை கேட்டதில்லை.

"மாமா! நிக்காஹ் அன்னைக்குச் சொல்லுன்னீங்களே. மூணு தரம் கேக்கத்தானே வந்தீங்க? மூணு தரமும் சொல்றேன். இல்லை. இல்லை. இல்லை."

குலவையிடக் காத்திருந்தவர்கள் உதட்டை மூடிக்கொண்டார்கள்.

காஜியார் எழுந்தார். "மௌனம் இல்லை. பதில் வந்துடுச்சு. இங்க நிக்காஹ் கிடையாது. சோறு ஆறுறதுக்குள்ள சாப்பிடுங்க" என்றார்.

அபுசாலி செருப்பைத் தேடியபடி கத்தினான்: "இந்த வாயாடியை இனி எவன் கட்டுவான்னு பாக்குறேன்!"

உள்ளே இருந்து பதில் வந்தது: "வாய் பேசுறவளைக் கட்டத் தைரியம் உள்ளவன் கட்டுவான். நீங்க பத்திரமா வீட்டுக்குப் போங்க. வழுக்கி விழுந்துடாதீங்க."

அன்றோடு ஊர் திருந்திவிட்டது என்று சொன்னால் உங்களுக்குப் பிடிக்கும். ஆனால் நடந்தது அதுவல்ல.

அடுத்த வெள்ளிக்கிழமையே காசிம் லெப்பை ஜமாஅத்தைக் கூட்டி இல்யாசு காஜியாரை வேலையிலிருந்து நீக்கினார். கல்யாணப் பந்தலில் கண்ணியம் குலைத்தார் என்று காரணம் சொன்னார்கள். தொழுகையில் முதல் வரிசையில் நிற்பவர்கள் கை தூக்கினார்கள். காஜியார் தன் மூட்டையைத் தானே தூக்கிக்கொண்டு வந்த வழியே போனார். அபுசாலிக்கு ஒரு தண்டனையும் இல்லை. அவன் வேறொரு துறைமுகத்தில் பெண் கேட்டான். அங்கேயும் அவனுடைய கப்பல்களைத்தான் எண்ணினார்கள். லெப்பை கற்கண்டு வழக்கத்தையும் கைவிடவில்லை. பிடிவாதத்துக்காகவே இன்னும் கொஞ்சம் பெரிதாகச் செய்யச் சொன்னார்.

ஆனால் சங்குத்துறையில் அதற்குப் பிறகு நடந்த ஒவ்வொரு கல்யாணத்துக்கும் ரஹ்மா போனாள். யாரும் அழைக்கவில்லை. பின்வாசல் வழியாகத்தான் போனாள். அந்தப் பித்தளைப் படிக்கத்தைப் புளி போட்டுத் துலக்கி எடுத்துக்கொண்டு போவாள். மணப்பெண்ணின் பக்கத்தில் வைத்துவிட்டு, ஒன்றும் பேசாமல் உட்கார்ந்திருப்பாள். முதலில் விரட்டினார்கள். பிறகு முணுமுணுத்தார்கள். பிறகு தாய்மார்களே, "ரஹ்மா வந்துட்டாளா?" என்று கேட்க ஆரம்பித்தார்கள்.

பல பெண்கள் துப்பிவிட்டு "சம்மதம்" என்றார்கள். சில பெண்கள் துப்பிவிட்டு "இல்லை" என்றார்கள். இரண்டுக்கும் கப்பல் மூழ்கவில்லை.

உதுமான் மரைக்காயர் நெடுநாள் மகளோடு பேசவில்லை. சுலைகாவும் போய்க் கெஞ்சவில்லை. உம்மா ஒரே சோற்றை இருவருக்கும் வேறுவேறு நேரத்தில் பரிமாறினாள். பிறகு ஒரு நாள், கயிறு வியாபாரம் செய்யும் நைனாமூசா என்பவர் பெண் கேட்டு ஆள் அனுப்பினார். வந்தவரை வாசலில் உட்கார வைத்துவிட்டு மரைக்காயர் உள்ளே வந்தார். மகள் எதிரில் நின்றார். தொண்டையைக் கனைத்தார். வாயில் ஒன்றும் இல்லை, ஆனாலும் பேச்சு வரச் சிரமப்பட்டது.

"ஒரு எடம் வந்திருக்கு. நீ என்ன சொல்றே?"

"யோசிச்சுச் சொல்றேன் வாப்பா. அதுக்கு முன்னால அவர்கிட்ட மூணு கேள்வி கேக்கணும்."

"என்ன கேள்வி?"

"கோபம் வந்தா கையை எங்க வைப்பாரு? நான் 'வேணாம்'னா என்ன செய்வாரு? அவங்க உம்மா வீட்டுல வாய் திறந்து பேசுவாங்களா?"

மரைக்காயர் வாசலுக்குப் போய், தூது வந்தவரிடம் மூன்றையும் அப்படியே கேட்டார். வந்தவர் முதல் இரண்டுக்கும் மென்று விழுங்கினார். மூன்றாவதற்கு, "பேசுவாங்களாவா? அந்தம்மா பேச ஆரம்பிச்சா நிறுத்த ஆள் கிடையாது மரைக்காயரே!" என்றார். உள்ளே சுலைகா சிரித்தது வாசலுக்குக் கேட்டது. மற்ற இரண்டுக்கும் நைனாமூசாவே நேரில் வந்து, தாயோடு திரைக்கு வெளியே உட்கார்ந்து, நிதானமாகப் பதில் சொன்னார். என்ன சொன்னார் என்பது அவர்கள் குடும்ப விஷயம்.

அந்த நிக்காஹ் அன்று காசிம் லெப்பை கற்கண்டுத் தட்டோடு வந்தார். சுலைகாவின் உம்மா வாசலிலேயே அதை வாங்கி, உரலில் போட்டு இடித்து, பாயசப் பானையில் கொட்டிவிட்டாள். சாட்சிகள் திரைக்கு வெளியே வந்து நின்றார்கள். முதல் தரம் கேட்டு முடிப்பதற்குள்ளேயே சுலைகா சொன்னாள்:

"சம்மதம்."

பந்தலில் இருந்த மரைக்காயர் அதைத் தன் காதால் கேட்டார். இரண்டாம் தரம் கேட்கத் தேவைப்படவில்லை.

கதை முடிந்தது என்று எழுந்திருக்க வேண்டாம், பெரியவர்களே. உங்கள் ஊரில் கற்கண்டு இல்லை என்று நீங்கள் தலையாட்டுவது தெரிகிறது. "வாப்பா மானம் போயிடும்" என்று சொல்கிறீர்களே, அது என்ன? "உம்மா தாங்க மாட்டா" என்று சொல்கிறீர்களே, அது என்ன? "பத்திரிகை அடிச்சாச்சு" என்று சொல்கிறீர்களே, அது என்ன? எல்லாம் அந்தக் கட்டிதான். அளவு மட்டும் வேறு. வீட்டுக்குப் போனதும் ஒரு படிக்கத்தைத் துலக்கி மகளுக்குப் பக்கத்தில் வையுங்கள்.

இந்தக் கதை சொல்லும் நீதி இதுதான்: "இல்லை" என்று சொல்ல விடாத வாயிலிருந்து எடுக்கும் "சம்மதம்" செல்லாது, அதன்மேல் கட்டும் குடும்பமும் நிற்காது.